மாதச் சம்பளமா, இலைக் கணக்கா?



நெல்லைச் சீமையில் காலைச் செய்தித்தாளைப் பிரிக்கும் பலர் முதலில் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழுக் கொள்ளளவுக்கான உயரம் ஒரு பக்கம். இன்று எத்தனை அடி என்பது மறுபக்கம். அதன் கீழே ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று மலைமேல் பெய்த மழையின் அளவு. இந்தச் சில எண்களை வைத்துக்கொண்டே பிசானத்துக்கு நாற்றுப் பாவலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்று ஆற்றுப்பாசனக்காரர் முடிவு செய்துவிடுவார்.

உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் இதே போல் ஒரு பணியை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கைந்து ஊர்களில் நீங்களே செய்த மழைமானிகளை நிறுத்துகிறீர்கள். அவை கால் மணிக்கு ஒரு முறை அளவை அனுப்புகின்றன. எவர் வேண்டுமானாலும் கைப்பேசியில் அதைப் பார்க்கலாம். கருவி செய்வது கடினமன்று. பத்தாம் வகுப்பு மாணவர்கள் செய்துவிடுவார்கள். அதற்கடுத்த கேள்விதான் சிக்கலானது. வருகின்ற எண்களை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறி எங்கே இருப்பது? அது இரவு பகலாக விழித்திருக்க வேண்டும். பள்ளிக் கணிப்பொறி அறையையோ மாலையில் பூட்டிவிடுவார்கள்.

இப்படிப் பிறருக்கு எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறிக்குச் ‘சர்வர்’ என்று பெயர். சர்வர் என்றதும் உங்களுக்கு ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர் நினைவுக்கு வந்தால் தவறில்லை. 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் பார்த்த வேலையும் அதுதான். இரண்டும் ஒரே சொல். வேலையும் ஒரே மாதிரியானதுதான். ஆகவே நாமும் ஓட்டலை வைத்தே பேசுவோம்.

ஓட்டல் முதலாளி ஒரு சர்வரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார். மாலை மூன்று மணிக்குக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் சம்பளம் உண்டு. இரவு எட்டு மணிக்குக் கூட்டம் நெரித்தாலும் அதே சம்பளம்தான். கல்யாண வீட்டிலோ கணக்கு வேறு. சமையல் ஒப்பந்தம் எடுத்தவரிடம் (எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தவசுப்பிள்ளை என்பார்கள்) ‘இலைக்கு இவ்வளவு’ என்று பேசி முடிக்கிறோம். பரிமாற எத்தனை பேர் வருவார்கள், எவரெவர் வருவார்கள் என்பது அவர் பாடு. ஐம்பது இலை விழுந்தால் ஐம்பதுக்குக் காசு. ஆயிரம் விழுந்தால் ஆயிரத்துக்கு. இலையே விழவில்லையானால் காசும் இல்லை.

கணிப்பொறி வாடகையிலும் இந்த இரண்டு முறைகளே இருக்கின்றன. அமேசான் நிறுவனம் 2006இல் முதல் முறையைத் தொடங்கியது. பெரிய கணிப்பொறி ஒன்றை மென்பொருளால் பல அறைகளாகத் தடுத்து, ஓர் அறையை வாடகைக்கு விடுவார்கள். இன்று இதைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. சிறிய அறை ஒன்று மாதம் 5 டாலர் அளவில் கிடைக்கிறது. டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 450 ரூபாய், வரி தனி. அதே அமேசான் 2014 நவம்பரில் ‘லாம்டா’ என்ற பெயரில் இரண்டாவது முறையை அறிவித்தது. நீங்கள் எழுதிய சிறு நிரலை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடுகிறீர்கள். எவராவது கேட்கும்போது மட்டும் அது ஓடும். ஓடிய அளவுக்குக் கட்டணம். இதற்குச் ‘சர்வர்லெஸ்’, அதாவது சர்வர் இல்லாதது, என்று பெயர் வைத்தார்கள். பொருந்தாத பெயர்! கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் இல்லையா என்ன? இருக்கிறார், அவரை நாம் அமர்த்தவில்லை, அவ்வளவுதான்.

இவற்றைப் பொதுவாக ‘மேகம்’ என்கிறார்கள். மாஞ்சோலை மேகத்தைப் போல் இது எங்கும் மிதப்பதில்லை. மும்பையிலும் ஐதராபாத்திலும் கட்டடங்களுக்குள் குளிரூட்டப்பட்ட இரும்பு அடுக்குகளில் உட்கார்ந்திருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,250 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நொடியில் எண்பதில் ஒரு பங்குதான் வரும். உண்மையில் இழை நேர்கோட்டில் போவதில்லை, வழியில் நிலையங்களும் உண்டு, ஆகவே இன்னும் சற்றுக் கூடும். என்றாலும் தொலைவு ஒரு பொருட்டல்ல.

இனி, இரண்டில் எது? ‘சர்வர்லெஸ்தான் நவீனமானது, கூட்டம் எவ்வளவு வந்தாலும் தாங்கும், கூட்டம் இல்லாவிட்டால் செலவும் இல்லை’ என்று சொல்பவர்கள் நிறைய. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கூட்டம் என்பது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்காமல் சொல்லப்படுவதுதான் எனக்குப் பிடிக்காதது. வோல்ட் எத்தனை, ஆம்பியர் எத்தனை என்று பார்க்காமல் ஃபியூஸ் கம்பி வாங்குபவரை நாம் என்ன சொல்வோம்?

கணக்கிட ஓர் எளிய விதி இருக்கிறது. அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961இல் இதை நிறுவினார். நெல்லையப்பர் கோயில் எதிரே மாலையில் அல்வாக் கடை முன் வரிசை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 4 பேர் வீதம் வந்து சேர்கிறார்கள், ஒவ்வொருவரும் 10 நிமிடம் நின்று வாங்கிப் போகிறார்கள் என்றால், எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக 40 பேர் நிற்பார்கள். வரும் வீதத்தை நிற்கும் நேரத்தால் பெருக்கினால் நிற்பவர் தொகை. இவ்வளவே விதி. வரிசை நேராக இருந்தாலும் வளைந்திருந்தாலும், அல்வா வாங்கினாலும் பேருந்துக்கு நின்றாலும் இது பொருந்தும்.

இதை உங்கள் மழைமானிப் பக்கத்துக்குப் பொருத்துங்கள். சாதாரண நாளில் 500 பேர் பார்க்கலாம். 2023 டிசம்பர் 17 போன்ற ஒரு நாள் வருகிறது. அன்றும் மறுநாளும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அப்படிப்பட்ட நாளில் ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று கொள்வோம். நொடிக்கு 28 பேர். ஒருவருக்குப் பதில் சொல்ல நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்றால், 28 × 0.2 = 5.6. அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் ஆறு பேருக்கும் குறைவு! ஒரு லட்சம் என்று கேட்டதும் நடுங்கிய நெஞ்சு இப்போது சற்று அமைதியாகிறது அல்லவா? மக்கள் சீராக வராமல் கும்பலாக வருவார்கள் என்பதற்காகப் பத்து மடங்கு என்று வைத்தாலும் 56 பேர்தான். மழை அளவைச் சொல்வது போன்ற எளிய வேலைக்கு, ஒழுங்காக எழுதிய நிரல் இருந்தால், 450 ரூபாய்ச் சர்வர் இதைச் சமாளிக்கும்.

பொதுத்தேர்வு முடிவு வரும் நேரம் வேறு வகை. 2024இல் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே 6ஆம் தேதி காலை 9.30 மணிக்கு வெளியானது. தேர்வு எழுதியவர்கள் ஏழரை லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் முதல் பத்து நிமிடத்தில் பார்க்க முயன்றால் நொடிக்கு 1,250 பேர். மாணவர் மட்டுமா பார்க்கிறார்? மாமா பார்ப்பார், அத்தை பார்ப்பார், எதிர்வீட்டுக்காரரும் பார்ப்பார். ஐந்து மடங்கு வைத்துப் பெருக்கினால் ஒரே நேரத்தில் 1,250 பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆண்டில் ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் வரும் இந்தக் கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் சர்வர்களுக்குச் சம்பளம் கொடுப்பது வீண். இது இலைக் கணக்குக்கு என்றே அமைந்த பந்தி. இலைக் கணக்கிலும் வரம்பு இல்லாமல் இல்லை. லாம்டாவில் ஒரு கணக்குக்கு ஒரு வட்டாரத்தில் ஒரே நேரத்தில் 1,000 என்பதே வழக்கமான உச்சவரம்பு. மேலும் வேண்டுமானால் முன்கூட்டிக் கேட்டுப் பெற வேண்டும். தவசுப்பிள்ளையிடம் ஐந்நூறு இலை என்று சொல்லிவிட்டு மூவாயிரம் பேரைக் கூட்டிவந்தால் அவரும் கையைத்தான் பிசைவார்.

கட்டணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். லாம்டாவில் நிரலுக்கு ஒதுக்கிய நினைவக இடத்தை, அது ஓடும் நேரத்தால் பெருக்குகிறார்கள். அலகு கிகாபைட்-நொடி. கிலோவாட்டை மணியால் பெருக்கி மின்சார யூனிட் என்று கட்டணம் செலுத்துகிறோமே, அதே கருத்துத்தான். மாதம் 10 லட்சம் அழைப்புகளும் 4 லட்சம் கிகாபைட்-நொடியும் இலவசம். அதற்கு மேல் பத்து லட்சம் அழைப்புக்கு 20 சென்ட். 60,000 கிகாபைட்-நொடிக்கு ஒரு டாலர். உங்கள் ஐந்து மழைமானிகள் மாதம் முழுவதும் அனுப்புவது 14,400 அழைப்புகள். பார்ப்பவர்களையும் சேர்த்தால் முப்பதாயிரத்தைத் தாண்டாது. செலவு: சுழி. (தரவைச் சேமித்து வைக்கும் இடத்துக்குத் தனிக் கணக்கு உண்டு, அதுவும் சிறிதுதான்.)

இதைப் பார்த்ததும், ‘அப்படியானால் விவாதம் எதற்கு, இலைக் கணக்கே எடுத்துக்கொள்வோம்’ என்று தோன்றும். பொறுங்கள். இரவு பகலாக நொடிக்கு 10 பேர் வரும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 2 கோடியே 59 லட்சம் அழைப்புகள். ஒவ்வொன்றும் அரை கிகாபைட் இடத்தில் அரை நொடி ஓடுகிறது என்றால் 64.8 லட்சம் கிகாபைட்-நொடி. இலவசத்தைக் கழித்து, அழைப்புக் கட்டணத்தையும் கூட்டினால் சுமார் 106 டாலர். நம் பணத்தில் ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு மேல். லிட்டில் விதிப்படி இங்கே ஒரே நேரத்தில் உள்ளவர் 10 × 0.5 = 5 பேர்தான்! அந்த அரை நொடியிலும் பெரும்பகுதி, வேறொரு கணிப்பொறியிலிருந்து பதில் வருவதற்காகச் சும்மா காத்திருக்கும் நேரம் என்றால் நிலைமை இன்னும் வேடிக்கையானது. மாதச் சம்பளச் சர்வர் ஒரு மேசைக்குத் தோசை வேகும்போது அடுத்த மேசைக்குத் தண்ணீர் வைப்பார். லாம்டாவிலோ வழக்கமாக ஓர் இலைக்கு ஒருவர். அவர் தோசைக்குக் காத்து நிற்கும் நேரத்துக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

இது ஏட்டுக் கணக்கு என்று எண்ண வேண்டாம். அமேசானின் திரைப்படப் பிரிவான பிரைம் வீடியோவில், ஒளிபரப்பாகும் படத்திலும் ஒலியிலும் குறை இருக்கிறதா என்று ஓயாமல் சோதிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அதை முதலில் சர்வர்லெஸ் முறையில் கட்டினார்கள். பிறகு அதைக் கைவிட்டுச் சாதாரண வாடகைச் சர்வர்களில் ஒரே நிரலாக ஓட்டியதில் செலவு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2023இல் அவர்களே எழுதினார்கள். இலைக் கணக்கை விற்பவரின் சொந்த வீட்டிலேயே மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள்! அதற்காக லாம்டா கெட்டது என்று ஆகிவிடாது. ஓயாமல் நடக்கும் வேலைக்கு இலைக் கணக்கு ஒத்துவரவில்லை.

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் மேல்பகுதியில், தென்காசிக்குப் பக்கத்தில், மத்தளம்பாறை என்னும் சிற்றூர் உள்ளது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை அதுவும் நெல்லை மாவட்டம்தான். அங்கே அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம், உலகெங்கும் உள்ள தன் வாடிக்கையாளர்களுக்கான மென்பொருள்களைப் பிறர் வாடகைக் கணிப்பொறிகளில் ஓட்டாமல் தன் சொந்தக் கணிப்பொறிகளில் ஓட்டும் கொள்கை கொண்டது. அவர்களுக்குப் பகலும் இரவும் கூட்டம்தான். ஆகவே அது பொருத்தமே. அதே நிறுவனம் ‘கேட்டலிஸ்ட்’ என்ற பெயரில் மற்றவர்களுக்குச் சர்வர்லெஸ் வசதியும் விற்கிறது. சொந்த ஓட்டலையும் நடத்திக்கொண்டு, கல்யாணத்துக்குச் சமையல் ஒப்பந்தமும் எடுக்கிறார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

பணத்தைத் தவிர வேறு சில வேறுபாடுகளும் உண்டு. வெகுநேரம் எவரும் வராமல் இருந்து முதல் ஆள் வரும்போது லாம்டா நிரல் எழுந்து உட்காரச் சிறிது நேரம் பிடிக்கும். சில வேளை ஒரு நொடிக்கு மேலும் ஆகும். மழை அளவு பார்ப்பவருக்கு இது பெரிதன்று. ஒருமுறை ஓடத் தொடங்கிய நிரல் 15 நிமிடத்துக்குள் எழுந்துவிட வேண்டும் என்றும் விதி. போன பந்தியில் யார் மோர் கேட்டார் என்பதும் அதற்கு நினைவிருக்கும் என்று நம்ப முடியாது.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. உங்களுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. வாடகைக் கணக்கு தொடங்க அப்பா அல்லது அம்மாவின் வங்கி அட்டையைத்தான் கேட்கப் போகிறீர்கள். மாத வாடகை 450 என்றால், நீங்கள் நிரலில் என்ன பிழை செய்தாலும் சர்வர் திணறி நிற்குமே தவிர வாடகை 450தான். இலைக் கணக்கில் அப்படியில்லை. ஒரு நிரல் தன்னைத் தானே அழைத்து, அது மறுபடி தன்னை அழைத்து, ஓயாமல் சுற்றும்படி தெரியாமல் எழுதிவிட்டால், ஒவ்வொரு சுற்றும் ஓர் இலை. இத்தகைய சுழலைத் தானே கண்டு நிறுத்தும் ஏற்பாட்டை அமேசான் 2023இல் லாம்டாவில் சேர்த்தது. எல்லா வகைச் சுழலையும் அது பிடித்துவிடாது. செலவு இவ்வளவைத் தாண்டினால் சொல் என்று எச்சரிக்கை வைக்கலாம். ஆனால் எச்சரிக்கைக் கடிதம் வருமே ஒழிய, நீங்களாக ஏற்பாடு செய்தாலன்றி வேலை நிற்பதில்லை. நீங்கள் அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது கடிதம் வந்தால் யார் பார்ப்பது?

ஆகவே முதன்முதலாக இதில் இறங்கும் மாணவருக்கு நான் சொல்வது இதுதான்: சிறிய சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுங்கள். வாடகையும் வேண்டாமென்றால் வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணிப்பொறியில் லினக்ஸ் போட்டுத் தொடங்குங்கள். எந்த நிரல் ஓடுகிறது, எது நினைவகத்தைத் தின்கிறது, யார் கதவைத் தட்டுகிறார்கள் என்பதெல்லாம் கண்முன் தெரியும். இணையத்தில் முகவரி கிடைத்த சில மணி நேரத்துக்குள்ளேயே எங்கெங்கோ உள்ள தானியங்கி நிரல்கள் வந்து கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிப் பார்ப்பதைப் பதிவேட்டில் காண்பீர்கள். முதல்முறை பார்க்கும்போது சற்றுத் திகிலாக இருக்கும். அதிலிருந்து நிறையக் கற்பீர்கள். தவசுப்பிள்ளையை வைத்துக் கல்யாணம் நடத்தினால் விருந்து நடக்கும், சமையல் வராது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மார்ச் மாதம் தேர்வு வந்ததும் சர்வரைத் திரும்பிப் பார்க்க மாட்டோம் என்பது உங்களுக்கே தெரிந்தால், அதை எடுக்காதீர்கள். பராமரிப்பில்லாத சர்வர் பூட்டாத வீடு. மாதக்கணக்கில் மேம்படுத்தாமல் விட்டால் எவராவது உள்ளே புகுந்து, உங்கள் செலவில் பிறருக்குத் தொல்லை கொடுப்பார். அந்தப் பராமரிப்பில் பெரும்பகுதியை லாம்டாக்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அதில் அவர்களைப் பாராட்ட வேண்டும்.

மழைமானிப் பணிக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்பீர்களானால், இரண்டையும் கொஞ்சம் கலப்பேன். கால் மணிக்கு ஒரு முறை மாறும் எண்ணை, வருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கணக்கிட்டுச் சொல்வானேன்? சிறிய சர்வர் அளவுகளை வாங்கி, கால் மணிக்கு ஒரு முறை வெறும் கோப்பாக எழுதிவைக்கட்டும். கரும்பலகையில் எழுதிவைத்தது போல், அதை எத்தனை பேர் படித்தாலும் எழுதியவருக்கு வேலை கூடாது. இத்தகைய கோப்புகளைக் கட்டணமின்றிப் பரப்பிக் கொடுக்கும் சேவைகளும் இருக்கின்றன. மலைமேல் ஒரு மணியில் இத்தனை சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆற்றங்கரை ஊர்களில் உள்ளவர்களுக்குச் செய்தி அனுப்பும் பகுதியை மட்டும் லாம்டாவில் வைப்பேன். ஆண்டுக்கு நான்கைந்து தடவை ஓடினால் அதிகம். இலைக் கணக்குக்கு மிகப் பொருத்தம்.

அதற்கு முன் மழைமானியோடு ஒரு மின்கலத்தை வைக்க மறக்காதீர்கள். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறக்குறைய 800 பயணிகளுடன் திருச்செந்தூர் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டபோது மும்பைக் கணிப்பொறிகள் எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. இங்கே பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் வேலை செய்யவில்லை. கோபுரம் நின்றிருக்கும் நேரத்தில் அளந்ததை மழைமானி தன்னிடமே குறித்து வைத்துக்கொண்டு, தொடர்பு வந்ததும் மொத்தமாக அனுப்பும்படி நிரல் எழுத முடியுமா என்று பாருங்கள். இரண்டு நாள் அளவுகள், கால் மணிக்கு ஒன்று வீதம் 192 எண்கள். மிகச் சிறிய நினைவகமே போதும்.